வராத விருந்தாளிக்கு ஓர் இடம்

ஊரே பண்டிகையில் இருக்கிறது. அந்த ஊரில் நம்மை வா என்று சொல்ல ஒரு வீடும் இல்லை. அப்போது நாம் அங்கே யார்? கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரத்துக்குப் போய், எங்கள் ஊரான தொண்டாமுத்தூர் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் என்றதும் விளக்கும் சந்தையும்தான் நினைவுக்கு வரும். கிராக்கோவில் அவை நிறையவே உண்டு. 1257இல் அளந்து போட்ட பெரிய சதுக்கம், பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர். அதில் வரிசையாக மரக்கடைகள். தேவாலயக் கோபுரங்களைப் போல மினுமினுக்கும் தாள் ஒட்டிச் செய்த குடில்கள் இந்த ஊருக்கே உரியவை. டிசம்பர் முதல் வியாழக்கிழமை சதுக்கத்துச் சிலையடியில் அவற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். 1937இல் தொடங்கிய போட்டி அது. 2018இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெளியூர்க்காரர் இதையெல்லாம் ஆசைதீரப் பார்க்கலாம். ஆனால் இவ்வளவும் நோம்பிக்கு முந்தின பரபரப்புதான்.

நோம்பி வந்ததும் தெரு காலியாகிவிடுகிறது. டிசம்பர் 24ஆம் தேதி மாலையைப் போலந்துக்காரர்கள் விகிலியா என்கிறார்கள். 2025 முதல் அது அரசு விடுமுறையும்கூட. நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது. வானத்தில் முதல் வெள்ளி தெரிந்ததும் குடும்பம் மேசைக்கு வருகிறது. கடைகள் எப்போதோ அடைத்தாயிற்று. மரியாள் ஆலயக் கோபுரத்தில் மணிக்கொரு முறை ஊதும் எக்காளம் மட்டும், கேட்க ஆளில்லாத சதுக்கத்தின் மேல் ஊதுகிறது.

உள்ளே நடப்பது பற்றிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வகைப் பதார்த்தம், இறைச்சி கிடையாது. பீட்ரூட் ரசம், கெண்டை மீன், காளான், கசகசா சேர்த்த இனிப்பு. சாப்பிடும் முன் ஒப்வாடெக் என்ற மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் ஒடித்து வாழ்த்திக்கொள்வார்கள். மேசைவிரிப்புக்கு அடியில் காய்ந்த புல் பரப்பியிருக்கும். கிராமங்களில் மாடுகளுக்கும் வண்ண அப்பம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அன்றைக்கு நடுச்சாமத்தில் மாடு பேசும் என்பது அவர்கள் நம்பிக்கை. பட்டிப் பொங்கலன்று மாட்டுக்கு முதலில் ஊட்டிவிட்டுத்தான் மனுசன் சாப்பிடவேண்டும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு அவர்கள் ஒரே நொடியில் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அந்த மேசையில் ஓர் இடம் கூடுதலாக இருக்கும். தட்டு, கரண்டி, நாற்காலி எல்லாம் வைத்து, ஆள் இல்லாமல். வழி தப்பி யாராவது வந்தால் அவருக்கு. இறந்துபோன வீட்டு மனிதரை நினைத்து என்று சொல்வாரும் உண்டு. வெளிச்சமான ஜன்னல்களைக் கடந்து நடந்தபோது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எனக்காகவும் ஓர் இடம் இருக்கிறதே என்று எண்ணிக்கொண்டேன். எந்தக் கதவையும் தட்டவில்லை. தட்டுகிறவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனாலும் அந்த ஏற்பாடு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. முகம் தெரியாத ஒருவருக்கு இடம் விட்டு நெருங்கி உட்கார ஒரு குழந்தை வருசா வருசம் பழகுகிறதே, அது சின்ன விசயமா?

போலந்துக்காரர்களே அப்படிக் கதவு தட்டி நின்ற காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டுக்குக் கடத்தப்பட்டு, பெற்றோரை இழந்த போலந்துக் குழந்தைகளை 1942இல் நவாநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி, குஜராத்தின் பாலாசடியில் முகாம் அமைத்துத் தங்கவைத்தார். வார்சாவில் இன்று ஒரு சதுக்கம் ‘நல்ல மகாராஜா’ என்று அவர் நினைவைத் தாங்குகிறது.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் விருந்தோம்பலுக்குக் குறைவில்லை. வெள்ளியங்கிரி மலையேற வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுக்கும் ஊர் இது. பொங்கலன்று பண்ணையத்து ஆட்களுக்கு இங்கே யாரும் சோறு போடாமல் இருந்ததில்லை. ஆனால் எங்கே போட்டார்கள்? அப்பாரு காலத்தில் வாசலுக்கு வெளியே, அவரவர் கொண்டுவந்த சட்டியில். தொழுவத்தைக் கூட்டி, சாணி அள்ளி, அந்த மாடுகளை வருசம் முழுக்கப் பார்த்தவர்களுக்கு வீட்டுக்குள் இலை இல்லை. சாதி அந்தக் கோட்டைக் கிழித்தது; நம் தாராளம் அந்தக் கோட்டின் மேலே நின்றுகொண்டுதான் அள்ளிக்கொடுத்தது. சோறு கொடுப்பது ஒன்று, பக்கத்தில் இலை போடுவது இன்னொன்று. கிராக்கோவின் காலி நாற்காலி இந்த வித்தியாசத்தைத்தான் எனக்குக் காட்டியது. அது வாசலில் இல்லை, மேசையில் இருக்கிறது.

இப்போது பாக்குத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் வேலை செய்கிறவர்களில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் நிறைய. தை முதல் தேதி மெஸ் பூட்டியிருக்கும், மளிகைக் கடை பூட்டியிருக்கும். நாம் வாசலில் கோலமும் கரும்புமாக இருப்போம். அவர்கள் தகரக் கொட்டகைத் திண்ணையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த உட்காரல் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். என்னுடையதாவது நானாகத் தேடிப்போன விடுமுறை.

அம்மாவிடம் பேசினேன். “அவியளக் கூப்புட்டா வருவாங்களா கண்ணு? நம்ம சோறு ஒத்துக்குமா?” என்றார். நியாயமான கேள்விதான். கொங்கு நாட்டில் கூப்பிடாத வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள். அவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். ஆகவே போகிற போக்கில் சொல்லிவிட்டு வந்தால் போதாது. பங்காளி வீட்டுக்குப் போவதுபோல நாலு நாள் முன்பே கொட்டகைக்குப் போய், ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, பட்டிப் பொங்கலுக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று சொல்லவேண்டும். என் இந்தி அதற்குப் போதாது. அவர்களில் தமிழ் பேசும் ஒரு பையன் இருக்கிறான், அவனிடம் முதலில் பேசப்போகிறேன். எத்தனை இலை என்று அம்மா கேட்டிருக்கிறார்.