கண்ணுக்கும் காலுக்கும்

ஒன்றின் மேல் இன்னொன்றைப் போர்த்துவது பொய்யா? எங்கள் வீட்டு மாடிப்படிதான் என்னை இப்படிக் கேட்க வைத்தது. விளிம்பு உடைந்து தேய்ந்துபோன சிமெண்டுப் படிகள். அவற்றுக்கு என் கையாலேயே மரப்பலகை பொருத்துவதென்று தீர்மானித்து மரக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மூன்று துண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று முழுத் தேக்கு. இன்னொன்று, பிளைவுட்டின் மேல் அரை மில்லிமீட்டர் கனத்தில் தேக்கு ஏடு ஒட்டியது. மூன்றாவது, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் தேக்கு ரேகையை அச்சடித்த காகிதம். "தூர நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், ஸார்!" என்றார் அவர்.

தூர நின்று பார்த்தால்! உலகத்துப் பொய்களில் பாதி, தூர நின்று பார்ப்பவர்களை நம்பித்தானே பிழைக்கின்றன?

முழு மரமே சத்தியம், ஏடு ஒட்டியது போலி என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல மரம் அரிதான எகிப்து நாட்டில், அரசர்களின் கல்லறைப் பெட்டிகளுக்கே மெல்லிய ஏடுகளை ஒட்டி அழகு செய்தார்கள். ஓர் அடிமரத்தைப் பலகையாக அறுத்தால் ஒரு வீட்டுக்குக் காணும்; ஏடாகச் சீவினால் பல வீடுகளுக்குக் காணும். சிக்கனம் எப்படிப் பொய்யாகும்?

முழு மரம் என்பதனாலேயே அது மாசற்றது என்றும் சொல்ல முடியாது. 2021-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. அங்கே மர வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த அரசு நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்த ஆண்டே தடை விதித்தன. பலகையின் ரேகையில் இதெல்லாம் தெரிவதில்லை.

ஆனால் படிக்கட்டு சுவர் அல்லவே! சுவரைக் கண் மட்டும் தொடுகிறது. படியின் மேல் மனிதனின் பாரம் முழுவதும் இறங்குகிறது. ஏடு தேய்ந்துவிட்டால் இழைத்துச் சரி செய்ய வழியில்லை. அடியில் இருப்பது வெளியே வந்துவிடும். ஓர் அங்குலப் பலகை தேய்ந்தால் இழைப்புளியை எடுத்து ஒருமுறை இழைக்கலாம். அடியிலிருந்தும் அதே தேக்குதான் வரும். தேய்ந்த பிறகு என்ன தெரிகிறது என்பதுதான் சோதனை. விருந்தாளியிடம் காட்டும் புன்னகை ஏடாக இருந்துவிட்டுப் போகட்டும், அதில் குற்றமில்லை. நம்மை நம்பி ஒருவர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் ஏடு போதாது.

ஆகவே கால் வைக்கும் இடத்துக்கு, காரைக்குடிப் பக்கம் பிரித்த பழைய வீடுகளின் தேக்கை வாங்கினேன். அதற்காகப் புதிதாக ஒரு மரமும் விழவில்லை. பல ஆண்டுகள் உலர்ந்த மரமாதலால் வளையும் என்ற பயமும் குறைவு. படியின் நிமிர்ந்த முகத்துக்குச் சாதாரண பிளைவுட்; அதற்கு வர்ணம் பூசினேன். அது தன்னைத் தேக்கென்று சொல்லிக்கொள்ளவில்லை.

பலகையைத் தேர்ந்தெடுத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. எல்லாப் படிகளின் மேலும் ஓர் அங்குலம் ஏற்றினால் இடைப்படிகளின் உயரம் மாறாது. முதல் படி மட்டும் ஓர் அங்குலம் உயரும். கடைசிப் படிக்கும் மாடித் தரைக்கும் இடையே ஓர் அங்குலம் குறையும். கண் இதைக் கவனிக்காது. ஆனால், எண்பதைக் கடந்த என் தாயார் விடியுமுன் விளக்கில்லாமல் இறங்குகிறவர். அவர் கால்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு ஓர் அங்குலம் பிசகினால் இடுப்பெலும்பு முறியும். எனவே ஒவ்வொரு படியிலும் மேல்பூச்சைப் பலகையின் கனத்துக்குக் கொத்தி எடுத்த பிறகே பலகை வைத்தேன். வேலை இரண்டு வாரம் நீண்டது. வருகிறவர்கள் தேக்கைப் புகழ்கிறார்கள். கொத்தியெடுத்த அங்குலத்தை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

போர்த்துவது பொய்யன்று என்றே இப்போது எண்ணுகிறேன். போர்த்துகிறவன் இரண்டு விஷயங்களில் மட்டும் கண்ணியமாக இருக்க வேண்டும்: பாரம் விழும் இடத்தில் உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கட்டும், பிறர் நம்பிப் பழகிய அளவை அவர் அறியாமல் மாற்றாதிருக்கட்டும். மற்றதெல்லாம் அலங்காரம், அது அவரவர் விருப்பம்.