உள்ளிருந்து உடைப்பது

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது எங்களை ஒரு தன்முனைப்பு முகாமுக்கு அழைத்துப் போனார்கள். பேச வந்தவர் ஒரு முட்டையைத் தூக்கிக் காட்டினார். வெளியிலிருந்து உடைத்தால் சாவு, உள்ளிருந்து உடைத்தால் பிறப்பு என்றார். நாங்கள் கைதட்டினோம். அதன்பிறகு அந்த முட்டையைப் பரிசளிப்பு விழாவில், கோயில் திருவிழாப் பேச்சில், காலை வணக்கம் சொல்லும் வாட்ஸ்அப் படங்களில் என்று எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சொன்னவர்களில் ஒருவராவது முட்டையை அடைவைத்துப் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

நான் வைத்துப் பார்த்தேன். அலோர் காஜாவில் எங்கள் தாமான் வீட்டின் பின்கட்டில், கொச்சின் கோழி முட்டை பன்னிரண்டு.

கொச்சினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தலையணைக்குக் கால் முளைத்தது மாதிரி இருக்கும். அந்தக் காலும் தெரியாது, விரல் நுனிவரை இறகு. நன்றாக வளர்ந்த சேவல் ஐந்து கிலோ வரும். பறக்காது, சண்டைக்குப் போகாது, யார் தூக்கினாலும் மடியில் உட்கார்ந்துகொள்ளும். பின்பக்க இறகு அத்தனை அடர்த்தி என்பதால் இணைசேரவே சிரமப்படும். வளர்ப்பவர்கள் கத்தரிக்கோலால் அங்கே வெட்டிவிடுவார்கள். நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் அந்தக் கால் இறகு ஒரு தண்டனை.

பெயரைக் கேட்டு மலையாளக் கொச்சியிலிருந்து வந்ததாக நினைத்திருந்தேன். இல்லை. 1840-களில் ஷாங்காய் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போன கோழி இது. பிறகு ஊரே கோழிப் பைத்தியம் பிடித்து அலைந்தது. சீனக் கோழிக்குக் 'கொச்சின் சைனா' என்று வியட்நாமின் பெயரைத் தவறாக ஒட்டிவிட்டார்கள். அந்த வியட்நாம் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தோமே பிரஸ் என்ற போர்த்துகீசிய மருந்தாளர், கொச்சி-கொல்லத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காகத்தான் அந்த நாட்டை மலாக்காவில் 'கொச்சி சீனா' என்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஆக, என் பெட்டிக்குள் இருந்த கோழியின் பெயர் எங்கள் ஊர்த் துறைமுகப் பேச்சில் புழங்கிய பெயர். இதற்கும் நான் சொல்ல வருவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சந்தோஷமாக இருந்தது, சொன்னேன்.

இன்குபேட்டரில் 37.5 டிகிரி. முட்டையை அது தானாகவே திருப்பிவிடும். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் ஏழு முட்டையில் நரம்பு ஓடியிருந்தது, மீதி ஐந்தும் கூமுட்டை. பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தி, தண்ணீரைக் கூட்டி ஈரப்பதத்தை ஏற்ற வேண்டும். அதற்குமேல் மூடியைத் திறக்கவே கூடாது. இருபத்தோராம் நாள் முதல் குஞ்சு வந்தது. அக்கா மகள் "மாமா, ஒரே ஒரு தடவ" என்று கேட்கக் கேட்க நானும் திறந்து திறந்து காட்டினேன். பாட்டி மட்டும் சொன்னார்: "பொட்டிய சும்மா சும்மா தொறக்காதடா. கோழி என்னா எழுந்திரிச்சி எழுந்திரிச்சியா காட்டுது?"

ஆறு வந்துவிட்டது. ஏழாவது ஓட்டில் ஒரு துளை மட்டும் போட்டு நின்றுவிட்டது. உள்ளே அலகு அசைகிறது, கத்துகிறது, வெளியே வரவில்லை. ஓர் இரவு முழுக்க அப்படியே. முட்டை விற்றவருக்குப் போன் அடித்தேன். "கைய வைக்காதீங்க தம்பி. தானா வராதது வரக்கூடாதுன்னு அர்த்தம்" என்றார்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. துளை போட்டதும் உதவிக்குப் போனால் குஞ்சைக் கொன்றுவிடுவோம். அந்த நேரத்தில் சவ்வில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள்கரு வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது. ஒரு நாள்கூட அது சும்மா கிடக்கலாம். சும்மா கிடப்பதுபோலத் தெரிவதே அதன் வேலை. பலவீனமானதைக் காப்பாற்றி அதிலிருந்தே இனம் பெருக்கினால் அடுத்த தலைமுறை இன்னும் பலவீனமாகும் என்பதும் அனுபவத்தில் வந்த பேச்சுதான்.

ஆனால் இருபத்தேழு மணி நேரம் ஆன பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். துளையைச் சுற்றிச் சவ்வு பழுப்பேறி, தோல் மாதிரிக் காய்ந்து, குஞ்சின்மேல் ஒட்டிக்கிடந்தது. ஈரப்பதம் இறங்கினால் அப்படித்தான் ஆகும். மூடியைத் திறந்தது நான். சவ்வைக் காயவைத்ததும் நான்தான். அப்புறம் நானே நின்று, உனக்குத் தெம்பில்லை என்று குஞ்சைப் பார்த்துச் சொல்லப் போகிறேனா?

இயற்கை முடிவு செய்யட்டும் என்கிறோம். கொச்சினில் எது இயற்கை? அதன் கனம், கால் இறகு, பறக்க முடியாமை எல்லாமே மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தவை. சூடு மின்சாரத்தில் வருகிறது. முட்டையை மோட்டார் திருப்புகிறது. இருபது நாள் நம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, நமக்கு வேலை வரும்போது மட்டும் இயற்கையைக் கூப்பிடுவது நேர்மையில்லை. அசல் இயற்கை எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருக்கிறது. காட்டுக்கோழி. எல்லா வீட்டுக்கோழிக்கும் அதுதான் மூதாதை என்று டார்வின் எழுதினார். ஆளைப் பார்த்தால் படபடவென்று பறந்துவிடும். அது யாரிடமும் உதவி கேட்கவில்லை, நாமும் அதை எதுவும் செய்து வைக்கவில்லை. அதற்குச் சொல்வதைக் கொச்சினுக்குச் சொல்ல முடியாது.

இங்கே வந்ததும் என் மனம் தோட்டத்துக்குப் போகிறது. போகக்கூடாது என்றும் தோன்றுகிறது. மனிதர்களைக் கோழியோடு ஒப்பிடுவதைப் பாட்டி கேட்டால் துடைப்பக்கட்டையைத் தூக்குவார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருசம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டியவர். யாருடைய பெட்டியிலும் பொரித்தவர் அல்ல. ஆனாலும் துரைமார்கள் தமிழரை விரும்பியதற்கு எழுதிவைத்த காரணத்தையும், கோழிப் புத்தகங்கள் கொச்சினைப் புகழும் காரணத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டிலும் சாது என்றுதான் இருக்கிறது.

என் தாய்மாமா ஒருவர் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். லயத்து வீடு தோட்டத்துடையது. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லையென்றால் சம்பளமில்லை. பிறகு தோட்டம் கைமாறியது, வீடும் போனது. இன்று ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிறார். உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்கள்: "அவனுக்கு முயற்சி பத்தல." தன்முனைப்பு முகாமில் எனக்குக் காட்டிய முட்டை இதுதான் என்று எனக்குப் புரிய இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. முட்டையைத் தூக்கிக் காட்டியவர் பெட்டியின் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா முயலவே இல்லை என்று சொல்பவர்களுக்கு அந்த அலகு அசைந்தது தெரியாது. கேட்டால் அவரும் சொல்லமாட்டார், சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பஞ்சை வெந்நீரில் நனைத்துச் சவ்வை ஈரமாக்கினேன். ஓட்டை நகத்தால் அரிசி அளவு பிட்டு எடுத்தேன். இரத்தப் பொட்டு தெரிந்தது, நிறுத்தினேன். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும். கடைசி மூன்றில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன், அதை அதுவே உதைத்துக்கொண்டு வந்தது. விடியற்காலை நாலு மணி. பாட்டி எழுந்து வந்து பார்த்தார். "பொழச்சிக்கும்" என்றார். நீங்களாக இருந்தால் உடைத்துக் கொடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். "என் கோழிங்க எதுவும் பொட்டியில பொறக்கலையே" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார்.

வலதுகால் நடுவிரல் கொஞ்சம் கோணல். மற்றபடி இப்போது மூன்றரை கிலோப் பெட்டை. முட்டை விற்றவர் படத்தைப் பார்த்துவிட்டு, இதை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள் என்றார். அதில் எனக்கு மறுப்பில்லை. அதன் முட்டையை அடைக்கு வைப்பதில்லை, நாங்களே சாப்பிடுகிறோம். பிழைக்க வைப்பது வேறு, அதையே பெருக்குவது வேறு. முதலாவதை மறுக்க இரண்டாவதைச் சாக்காகச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை. கோணல் விரல் பரம்பரையா, என் காய்ந்த பெட்டியின் வேலையா என்பதும் தீரவில்லை.

போன மாதம் அது அடைக்கு உட்கார்ந்தது. கொச்சினுக்கு அடைப்புத்தி அதிகம், வெறும் தரையைக்கூட அடைகாக்கும். அந்தக் காலத்தில் அடை தெளிய மூக்கில் இறகு குத்துவார்கள், தண்ணீரில் முக்குவார்கள். பாட்டி அப்படியெல்லாம் எதுவும் செய்யச் சொல்லவில்லை. பக்கத்துக் கம்பத்திலிருந்து நாட்டுக்கோழி முட்டை ஒன்பது வாங்கிவரச் சொன்னார். இடிக்குக் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு துருப்பிடித்த ஆணியும் இரண்டு கரித்துண்டும் சேர்த்து வைத்தார். இன்றைக்குப் பதினாலாம் நாள். இன்குபேட்டரைக் கழுவித் துடைத்து அலமாரிமேல் வைத்துவிட்டேன்.