நோகுது என்று சொல்வது குற்றமா?

சத்திரசிகிச்சை முடிந்து வாட்டில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறோம். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தலை வெடிக்கிற மாதிரி இருக்கு, சத்தியும் வருகுது" என்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "உயிர் தப்பினதே பெரிய காரியம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கோ" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாய் திறப்பதில்லை.

அன்பான வாசகரே, இங்கே ஓர் ஒழுக்கக் கேள்வி மறைந்திருக்கிறது. பெரிய நன்மை ஒன்றைப் பெற்ற ஒருவர், அந்த நன்மையோடு கூடவே வந்த வேதனையைப் பற்றி முறையிடலாமா? அது நன்றி மறந்த செயலா? பொறுமை என்னும் புண்ணியத்துக்கு விரோதமா?

முதலில் அந்த நன்மையின் அளவை நினைத்துப் பார்ப்போம். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், ஈதர் என்னும் மருந்தால் நோயாளியை மயக்கி, பலர் முன்னிலையில் சத்திரசிகிச்சை செய்து காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் நோயாளி விழித்திருக்க, பலர் சேர்ந்து அவரை அமுக்கிப் பிடித்திருக்க, வைத்தியர் கத்தி வைத்தார். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக நம்மில் எவரும் விரும்பமாட்டோம்.

ஆயினும் வலியை நீக்கும் இந்த மருந்துக்கும் அதற்கென்று ஒரு விலை உண்டு. மயக்கம் தெளிந்தபின் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு ஓங்காளமும் சத்தியும் வருகின்றன. பெண்களுக்கும், பஸ்ஸில் ஏறினாலே சத்தி எடுப்பவர்களுக்கும் இது அதிகம். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் வைத்திருந்தால் ஓரிரு நாட்கள் தொண்டை நோகும். உடல் குளிர்ந்து நடுங்கும். சிலருக்குச் சிறுநீர் கழிக்க முடியாமற் போகும். வயதானவர்கள் சிலர் இரவில் ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றுவார்கள். "புத்தி பேதலித்துவிட்டது" என்றும், "ஏதோ பிடித்துவிட்டது" என்றும் வீட்டார் பயப்படுவார்கள். இது வைத்தியர்கள் நன்றாக அறிந்த ஒரு நிலை. பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் தெளியும். பழகிய குரல் அருகில் இருப்பதும், மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுவதும் கூட உதவும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்யும் முறையும் உண்டு. இதை 1898இல் ஜேர்மனியின் கீல் நகரில் செய்து காட்டியவர் ஓகஸ்ற் பியர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். நோயாளிகளுக்குப் பின்னால் வந்த தலையிடியையும் சத்தியையும் கண்ட அவர், அது எப்படிப்பட்டதென அறியத் தம் உதவியாளரைக்கொண்டு தமது முதுகிலேயே ஊசி ஏற்றச் செய்தார். மருந்து சரியாகச் சேரவில்லை. முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நீர் நிறைய வெளியேறிவிட்டது. மறுநாள் தொடங்கித் தலையிடியாலும் தலைச்சுற்றாலும் ஒன்பது நாட்கள் படுக்கையில் கிடந்தார். எழுந்தால் தலையிடி, படுத்தால் சுகம். தாம் பட்டதை அவர் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே எழுதி வெளியிட்டார். அவருடைய முறையீடு வைத்தியத்துக்கு ஒரு பாடமாயிற்று. இன்றைய மெல்லிய ஊசிகளால் இந்தத் தலையிடி வெகுவாகக் குறைந்திருக்கிறது. முற்றாக ஒழிந்துவிடவில்லை.

இப்பொழுது நம் வாவிக்கரைக்கு வருவோம். கொக்கட்டிச்சோலைப் பகுதியில் ஓர் இளம் தாய் என்று வைத்துக்கொள்வோம். முதுகில் ஊசி போட்டு, வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து பிள்ளை பெற்றாள். துண்டு வெட்டி அனுப்பினார்கள். முன்பு மண்முனைத்துறையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்த காலம் போய், 2014இல் பாலம் திறக்கப்பட்டபின் முச்சக்கர வண்டியிலேயே படுவான்கரை வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து சேர்ந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கிறது. படுத்தால் விட்டுவிடுகிறது.

வீட்டில் என்ன பேச்சு எழும்? "படுத்தால் சுகமாம், எழும்பினால் தலையிடியாம். வேலைக்குக் கள்ளம்!" "நான் ஐந்து பெற்றவள், பதினைந்தாம் நாள் வயலுக்கு இறங்கினேன்" என்பார் மாமி. வாசகரே, இதைக் கவனியுங்கள். எந்த அடையாளத்தைக் கொண்டு வைத்தியர் அந்த நோயைக் கண்டுபிடிக்கிறாரோ, அதே அடையாளத்தைக் கொண்டுதான் வீட்டார் அவளைக் கள்ளி என்கிறார்கள். அவள் உண்மையைத்தான் சொன்னாள். கேட்டவர்கள்தான் அதைப் பொய்யாக்கினார்கள்.

பொறுமை உயர்ந்த புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது யாருடைய புண்ணியம்? துன்பப்படுகிறவர் தம் மனதார ஏற்பது அது. பக்கத்தில் சுகமாக நிற்கிறவர் அதை மற்றவரிடம் கடன் கேட்பதுபோல் கேட்க முடியாது. மற்றவருக்காக உபவாசம் இருக்கச் சொல்லி அவருடைய கோப்பையை நாம் பறிக்கலாமா?

இத்தாலிய மயக்க மருந்து வைத்தியர்கள் 1956இல் நடத்திய மாநாட்டிலிருந்து பாப்பரசர் 12ஆம் பத்திநாதருக்கு மூன்று கேள்விகள் அனுப்பப்பட்டன. விசுவாச உணர்வோடு வலியைத் தாங்கும்பொருட்டு வலி நீக்கும் மருந்தை மறுக்கப் பொதுவான கடமை உண்டா என்பது முதற் கேள்வி. 1957 பெப்ரவரி 24ஆம் நாள் அவர் பதிலளித்தார். அப்படிப் பொதுவான கடமை எதுவும் இல்லை. ஒருவர் தம் சுயவிருப்பத்தால் துன்பத்தை ஏற்கலாம். மருந்தால் அதைத் தணித்துக்கொள்வதும் கிறிஸ்தவ வாழ்வுக்கு விரோதமல்ல. மருந்து கேட்பவரை விசுவாசம் குறைந்தவர் என்று எண்ணும் நம்மில் சிலர் இந்தப் பதிலை நினைவில் வைப்பது நல்லது.

வேதாகமத்தையே பாருங்கள். யோபு வாய்விட்டு முறையிட்டார். அவரைத் திருத்த வந்த நண்பர்கள் அழகான உபதேசங்கள் சொன்னார்கள். கடைசியில் ஆண்டவர் கோபித்தது அந்த நண்பர்கள்மேல்தான். சிலுவையில் அறையப்படுமுன் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை நம் மீட்பர் ஏற்கவில்லை என்று மாற்கு கூறுகிறார். அதே மீட்பர் சிலுவையில் தம் தாகத்தை வாய்திறந்து சொன்னார் என்றும், கொடுத்த காடியைப் பெற்றுக்கொண்டார் என்றும் அருளப்பர் கூறுகிறார். உலகின் துன்பத்தைச் சுமந்தவரே தம் தாகத்தை மறைக்காதபோது, நம் வீட்டுத் தாய்மார் தலையிடியை ஏன் மறைக்கவேண்டும்?

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். "எல்லாரும் முறையிடத் தொடங்கினால், ஏற்கெனவே வேலைப் பளுவில் தவிக்கும் தாதியரும் வைத்தியரும் என்ன செய்வார்கள்?" நியாயமான கேள்வி. முறையிடுவது வேறு, குற்றஞ்சாட்டுவது வேறு என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். பக்கவிளைவு வந்தால் எவரோ தவறு செய்துவிட்டார் என்று பொருளல்ல. திறமையான கைகளிலும் அது வரும். பல ஆண்டுகளுக்குப் பின் வரும் நாரி நோவுக்கெல்லாம் "அந்த ஊசிதான் காரணம்" என்று பழிபோடுவதும் சரியல்ல. அந்த ஊசி போடாத தாய்மாருக்கும் நாரி நோ வருகிறது. ஆனால் காயத்தை வைத்தியர் கண்ணால் காணலாம், தலையிடியைக் காண முடியாது. அதைக் காட்டக்கூடியது நோயாளியின் நாவு ஒன்றுதான். அந்த நாவை நாம் கட்டிவிட்டால் வைத்தியரின் கண்ணையும் சேர்த்துக் கட்டியவர்களாவோம்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு. என்னென்ன வரக்கூடும் என்று முன்கூட்டியே எளிய தமிழில் சொல்வது வைத்தியசாலையின் கடமை. வரும் என்று தெரிந்த துன்பம் பாதிப் பயத்தை இழக்கிறது. முன்பு ஏற்பட்ட சத்தி, ஒவ்வாமை, குடிக்கும் மருந்துகள் யாவற்றையும் மறைக்காமல் சொல்வது நோயாளியின் கடமை. எழுந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, காலில் உணர்வு திரும்பாமை, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் வைத்தியசாலைக்குத் திரும்பக் கொண்டுபோவது வீட்டாரின் கடமை. அந்தத் தலையிடிக்கு மருந்து உண்டு. கடுமையானால் நோயாளியின் கையிலிருந்தே சிறிது இரத்தம் எடுத்து முதுகில் ஏற்றி அந்தத் துவாரத்தை அடைக்கும் முறையும் உண்டு. சொல்லாதவருக்கு இவையெல்லாம் எப்படிக் கிடைக்கும்?

நன்றியும் முறையீடும் ஒரே வாயில் இருக்கலாம். "உயிரைக் காப்பாற்றினீர்கள், நன்றி. தலை நோகுது, பாருங்கோ" என்று சொல்பவர் எந்தப் பாவமும் செய்யவில்லை. அடுத்த முறை வாட்டுக்குப் போகும்போது தோடம்பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள். "எங்கே நோகுது? எப்போது கூடுது?" என்று கேளுங்கள். பதில் முடியும்வரை உபதேசம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இருங்கள்.