கோர்ட்டு கேட்காத கேள்வி

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தும் மில்லிங்கும் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. ஒரு பீஸ் அளவு தப்பினால் க்யூ.சி.க்காரர் சிவப்பு பெயிண்ட் தொட்டு ரிஜெக்‌ஷன் பெட்டியில் போட்டுவிடுவார். அப்புறம் பீஸை யாரும் கேட்பதில்லை. டிராயிங் சரியா, எந்த ஷிப்ட், மெஷினில் யார் என்றுதான் விசாரணை போகும்.

அந்தப் பழக்கமோ என்னவோ, 2010-இல் வந்த ‘எந்திரன்’ எனக்கு இன்னும் செரிக்கவில்லை. விஞ்ஞானி வசீகரன் செய்த ரோபோ சிட்டி; வில்லன் போரா செருகிய சிவப்புச் சிப்பால்தான் அவன் கெட்டான் என்கிறது படம். அதற்கு முன்னால் நடந்தது? தீயிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வருகிறான். குளித்துக்கொண்டிருந்தவள், ஊர் பார்க்க நிற்க நேர்ந்ததில் கூசி ஓடி, லாரியில் அடிபட்டுச் சாகிறாள். வெட்கம் என்று ஒன்று இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு வசீகரன் உணர்ச்சியை ஊட்டுகிறார். அது வசீகரனின் காதலி சனா மேல் காதலாகி, ராணுவத்தின் முன் சோதனையும் கெட்டதும், கோடாரியால் வெட்டிக் குப்பைமேட்டில் போடுகிறார். சிப்பு அதற்கப்புறம்தான். மேரி ஷெல்லியின் 1818 நாவலில் விக்டர், தான் செய்த உருவம் கண் திறந்ததுமே ஓடிவிடுகிறான்; பேர்கூட வைக்கவில்லை. சிட்டிக்காவது வசீகரனின் அம்மா பேர் வைத்தார்.

திருமுல்லைவாயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் சைவ சித்தாந்தம் படிக்கிறோம், எல்லாம் ரிடையர்டு. இதை எடுத்தால், “ஏம்பா, மெஷினுக்கு ஏது ஆன்மா?” என்பார் ஒருவர். இருக்கட்டும், இல்லாமலே போகட்டும். நான் கேட்பது செய்தவரை. சைவத்தில் பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும் பாசமாகிய கட்டும் அநாதி. சிவன் உயிரைச் செய்யவில்லை. மலம் என்ற அந்தக் கட்டு கழிய உடம்பையும் உலகத்தையும் தருகிறான், அவ்வளவுதான். ‘என்னை ஏன் இப்படிச் செய்தாய்’ என்று அவனிடம் வழக்காட முடியாது. வசீகரனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆசையையும் கோபத்தையும் உட்கார்ந்து எழுதியவர் அவர். தலைவிதி என்று தள்ளவும் சிட்டிக்கு முன்வினை கிடையாது.

நம் புராணத்திலும் கையால் செய்த பிள்ளை ஒருவர் உண்டு. பார்வதி மேனியில் பூசிய மஞ்சளை உருட்டி வாசலில் காவல் வைத்த பிள்ளை. வந்த சிவனை உள்ளே விடாததால் தலை போனது. ஆனால் அம்மா விடவில்லை. உலகத்தையே அழிப்பேன் என்று நின்றாள். யானைத் தலையும் வந்தது, முதல் பூசையும் வந்தது. சிட்டி குப்பையில் கிடந்தபோது அப்படி நிற்க ஒருவரும் இல்லை.

கடைசியில் கோர்ட்டு. வசீகரனுக்கு மரண தண்டனை என்றானதும், போரா சிப்பைச் செருகிய வீடியோவைக் காட்டி அவரைக் காப்பாற்றுவது சிட்டிதான். வசீகரனை விட்டுவிட்டு, சிட்டியைக் கழற்றச் சொல்கிறது கோர்ட்டு. கழற்ற வேண்டியிருந்திருக்கலாம், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் வசீகரனை நிரபராதி என்று அனுப்பியது தப்பான தீர்ப்பு.