தராசும் பேரேடும்

 

அளவையில் மோசம் செய்வோரை எச்சரிப்பதற்கென்றே அல்லாஹுத்தஆலா ‘முதஃப்பிபீன்’ என்னும் ஓர் அத்தியாயத்தை இறக்கியருளினான். அதை ஓதும்போது நம் கண்முன் வருவது தராசு மட்டுமே. ஆனால் கடைக்காரனிடம் இரண்டு தராசுகள் இருக்கின்றன. ஒன்று மேசைமேல் இருக்கிறது. வாடிக்கையாளர் அதைப் பார்க்கிறார். மற்றொன்று பெட்டிக்குள் இருக்கும் பேரேடு. அதை அல்லாஹ் பார்க்கிறான்.

இதை நாம் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது. ஆயினும் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், ரமலானில் கடைவாசலுக்கு வந்த ஏழைகளுக்கும் ஊரிலுள்ள உறவினருக்கும் நம் ஜக்காத்தைக் கையாலேயே கொடுத்துத் தீர்த்தோம். ஜூன் மாதம் வரிப் பாரத்தைப் பூர்த்தி செய்கையில், ஜக்காத்துக் கட்டத்தில் அந்தத் தொகையை எழுதக் கை போயிற்று. கணக்கெழுதும் பெரியவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீங்கள் கொடுத்தது அல்லாஹ்வின் ஏட்டில் இருக்கும். இந்த ஏட்டில் எழுத ரசீது எங்கே?” என்றார். அதோடு விடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போன அரிசி மூட்டை, சீனி, எண்ணெய் எல்லாம் கடைச் செலவோடு கலந்திருந்ததையும் காட்டினார். அவ்வாண்டு முழு வரியையும் கட்டினோம். பணம் போனதைவிட, ஐந்து வேளை தொழுபவன் கணக்கில் இப்படியொரு கலப்பா என்பதே நெஞ்சை உறுத்தியது.

“வரியைக் குறைப்பது தக்வாவுக்கு அடுக்குமா?” என்று சிலர் கேட்கின்றனர். கடன் கொடுத்தவனே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தால், அதை ஏற்றுக்கொள்வது குற்றமாகுமா? சட்டம் மனமுவந்து தந்த சலுகை நம் உரிமை. பொய் சொல்லிப் பெறுவது திருட்டு. வரிப்பணத்தில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடக்கின்றன. அதில் திருடுவது அயலான் பிள்ளையின் பங்கைத் திருடுவதே.

இந்நாட்டில் சலுகை இரு வகைப்படும். ஒன்று கழிவு. வரிக்குரிய வருமானத்தைக் கணிக்கையில், தன் பேரில் 9,000 வெள்ளியும், வருமானமில்லாத மனைவிக்கு 4,000 வெள்ளியும், 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளை ஒவ்வொருவருக்கும் 2,000 வெள்ளியும் கழிக்கலாம். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் வரம்புக்குட்பட்ட கழிவுண்டு. ஆனால் அவர்கள் இந்நாட்டில் வசித்து இங்கேயே வைத்தியம் பெற்றிருக்க வேண்டும். ஊரிலிருக்கும் தாயாரின் மருந்துக்கு நாம் அனுப்பும் பணத்துக்குக் கூலி அல்லாஹ்விடம் மட்டுமே.

மற்றொன்று, வரியிலேயே நேராகத் தள்ளுபடி. தனிநபர் செலுத்தும் ஜக்காத் இவ்வகையைச் சேர்ந்தது. வேற்றுமையைக் கணக்கில் பாருங்கள். கழிவுகளெல்லாம் போக 70,000 வெள்ளி மிஞ்சினால், 2023 கணக்காண்டு முதல் உள்ள விகிதப்படி வரி 3,700 வெள்ளி. மேலும் 2,000 வெள்ளிக்குக் கழிவு கிடைத்தால் வரியில் குறைவது 220 வெள்ளி. ஆனால் 2,000 வெள்ளி ஜக்காத் செலுத்தியிருந்தால், முழு 2,000 வெள்ளியும் குறைந்து, கட்ட வேண்டியது 1,700 வெள்ளியே! ஜக்காத் 4,000 வெள்ளியானால் வரியே இல்லை. எஞ்சிய 300 வெள்ளி திரும்பி வராது.

இதற்கு நிபந்தனையுண்டு. அந்த வருமான ஆண்டுக்குள்ளேயே மாநில இஸ்லாமிய மன்றத்தின் ஜக்காத் நிலையத்தில் செலுத்தி ரசீது பெற வேண்டும். ‘செண்டிரியான் பெர்ஹாட்’ நிறுவனமாகப் பதிந்தோருக்கு விதி வேறு. அவர்கள் கணக்காளரைக் கேட்டுக்கொள்க.

கடைச் செலவிலும் எல்லையைக் காக்க வேண்டும். வாடகை, சம்பளம், விளக்குக் கட்டணம் போல் வருமானம் ஈட்டுவதற்கே ஆன செலவுகள் கழியும். வீட்டுச் செலவு கழியாது. கடைச் சரக்கை வீட்டுக்கு எடுத்தால், அதன் சந்தை விலையை வருமானத்தில் சேர்க்க வேண்டும் என்பதே சட்டம். ரசீதுகளையும் ஏடுகளையும் 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்து பகரா அத்தியாயத்தில் 282ஆவது. திருமறையிலேயே மிக நீண்ட ஆயத்து அதுதான். எழுத்துக்கு நம் மார்க்கம் தந்த மதிப்பு அத்தகையது!

சகோதரர்களே! நிய்யத்தை மறந்துவிடாதீர்கள். வரி குறையுமென்பதற்காக ஜக்காத் கொடுப்பவன், ஏழையின் ஹக்கை வியாபாரமாக்குகிறான். ஜக்காத் ஃபர்ளு என்பதற்காகவே கொடுங்கள். வரி குறைவதை அல்லாஹ் செய்த இலேசு என்று எண்ணி ஷுக்ரு செய்யுங்கள். வரி கட்டியதால் ஜக்காத் நிறைவேறிவிட்டதென்றும் எண்ணற்க.

இப்பொழுது நம் கடையில் இரண்டு ஏடுகள் உண்டு. ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. ஜக்காத் ரசீது கடை ஏட்டின் முதல் பக்கத்திலிருக்கிறது. வாசலுக்கு வருவோருக்கு இன்றும் கொடுக்கிறோம். அது சதக்கா, அதற்கு ரசீது வேண்டியதில்லை.

வலக்கையில் ஏடு கொடுக்கப்படும் கூட்டத்தில் வல்ல நாயன் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.