அம்பாளைக் காக்க வைக்கலாமா?

2020 மே 4. ஊரடங்கு. மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பட்டர்கள் சிலர் மட்டுமே நடத்த, இணையத்தில் நேரலையாகப் பார்த்தபடியே சுமங்கலிகள் வீட்டில் தாலிக்கயிறு மாற்றிக் கொண்டார்கள். உங்களில் பலரும் மாற்றியிருப்பீர்கள். ‘கம்ப்யூட்டரில் பார்த்தால் பலன் உண்டா?’ என்றாள் என் நாத்தனார். ஏன் இல்லை? கோயில் கதவு சாத்தியிருந்தது. அந்த முகூர்த்தத்துக்காக நாம் குளித்து, கும்பிட்டுக் காத்திருந்தோமே!

இப்போது கோயில் திறந்துதான் இருக்கிறது. ஆனால், பழகிய சௌகரியம் விடுகிறதா? போன சித்திரையில், குக்கர் விசில் அடிக்கிறதென்று திருக்கல்யாணக் காட்சியை அப்படியே நிறுத்திவிட்டு அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்து பொத்தானைத் தட்டிய பிறகுதான் அம்பாளுக்கு மாங்கல்யதாரணம். (மதுரையில் அதற்குள் முடிந்தே போயிருக்கும்!) மஞ்சள் கயிறு தட்டில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.