சந்தேகத்தின் சாதி

துப்பறியும் படங்களை நாம் பார்க்கலாமா என்று ஒரு தோழர் கேட்டார். போலீஸ் படம் எல்லாமே அரசின் படம், லத்திக்குக் கைதட்டச் சொல்லித் தருகிற படம், அதைப் போய்க் காசு கொடுத்துப் பார்க்கணுமா என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து, 'யாருடா கொன்னது' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில் நம்ம சனங்களும் உண்டு. அவங்க அத்தனை பேரும் ஏமாந்தவங்க என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. மர்மப் படத்துக்குள்ளே ஒரு அறம் இருக்கிறது. அந்த அறம் திரைக்கு வெளியே யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதே என் கேள்வி.

1954ல் வந்த 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்வோம். எஸ். பாலச்சந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. ரேடியோ எஞ்சினியர் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். சி.ஐ.டி. அதிகாரி வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி எல்லார் மேலும் சந்தேகம் விழுகிறது. ஒவ்வொருவரும் தன் தரப்பைச் சொல்கிறார்கள். அதிகாரி கேட்கிறார். நாமும் கேட்கிறோம். யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம், ஆகவே நிரூபிக்காமல் யாரையும் தொடாதே என்பதுதான் மர்மப் படத்தின் சட்டம். சந்தேகத்தில் எல்லாரும் சமம். நம் சமூகத்தில் வேறு எதிலும் காணாத சமத்துவம் இது.

போலீஸ் ஸ்டேஷனில் இந்த மர்மமே கிடையாது. ஊரில் நகை காணாமல் போனால் ஜீப் எந்தத் தெருவுக்கு வரும் என்று சேரியில் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். காரணம் பழசு. 1871ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உட்படப் பல சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று பதிவு செய்தார்கள். பிறப்பைப் பார்த்து மனுசனைத் தரம் பிரிக்கிற வேலையை வெள்ளைக்காரன் இங்கே புதுசாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வருணம் ஏற்கனவே அதைச் செய்துவைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1947ல் சட்டம் போனது. ஸ்டேஷனின் பழக்கம் போகவில்லை.

1993ல் கம்மாபுரத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. நகைத் திருட்டு என்று சந்தேகப்பட்டு, குறவர் சமூகத்து உழைப்பாளி ஒருவரைப் பிடித்துப் போனார்கள். அடித்தே கொன்றார்கள். தப்பி ஓடிவிட்டான் என்று கதை கட்டினார்கள். அவர் மனைவி விடாமல் போராடியதால்தான் உண்மை வெளியே வந்தது. 2021ல் 'ஜெய் பீம்' அந்த வழக்கிலிருந்து எடுத்த படம்தான். படத்தில் அவரை இருளர் ஆக்கியிருந்தார்கள்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவு சொன்னது. அடித்துத்தான் வாங்குவார்கள் என்று சட்டம் எழுதினவனுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் 27வது பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது சம்பந்தமான பகுதி மட்டும் செல்லும். ஆகவே அடி, 'பொருளைக் காட்டு', மறுபடி அடி. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற புதிய சட்டத்திலும் இந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது. கோவைக்காரர் மு. சந்திரகுமார், குண்டூரில் தான் பட்ட அடியை 'லாக்கப்' என்று எழுதினார். 2015ல் அது 'விசாரணை' ஆனது. யார் குற்றவாளி என்பதல்ல அந்தப் படத்தின் திகில். யாரைக் குற்றவாளி ஆக்கப் போகிறார்கள் என்பதுதான்.

இதற்கு நடுவில் துப்பறியும் படமே தன் சட்டத்தை மறந்துகொண்டு வந்தது. 'யார்' என்ற கேள்வி போய் 'எப்படிப் பிடிப்பது, எப்படிக் கொல்வது' என்று ஆனது. 2003ல் 'காக்க காக்க' என்கவுன்டரை வீரமாக்கியது. 2017ல் 'தீரன் அதிகாரம் ஒன்று' கொள்ளைக் கூட்டத்தின் கதையை ஒரு இனக்குழுவின் கதையாகவே சொன்னது. பதற்றம் குறையாமல் எடுத்த படம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதற்றத்தில் 1871ன் வாடை அடிக்கிறது. 2020ல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் அடித்துச் செத்த பிறகு, 'சிங்கம்' எடுத்த இயக்குநர் ஹரி, போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னார். 2024ல் 'வேட்டையன்' என்கவுன்டரையே கேள்வி கேட்டது. நல்லது. ஆனாலும் அதில் நிரபராதியான ஏழைப் பையன் செத்துத்தான் அதிகாரிக்கு ஞானம் பிறக்கிறது. செத்தவன் கதை பாதியில் முடிகிறது, சுட்டவர் கதை நாயகனின் கதையாகத் தொடர்கிறது.

சரி, குற்றம் நமக்கு நடந்தால் என்ன ஆகிறது? 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை 1973ல் ஐகோர்ட் விடுதலை செய்தது. இவ்வளவு நிலம் உள்ள பணக்காரர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்து போய் நெருப்பு வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. மர்மப் படம் பார்த்த எந்தக் கூலிக்காரனும் இதைக் கேட்டால் சிரிப்பான். யாரை நம்ப முடியவில்லையோ அவனையும் விசாரி என்பதுதானே அந்தப் படம் சொல்லிக்கொடுத்த பாலபாடம்! தரை டிக்கெட்டில் புரிந்தது நீதிபதி நாற்காலியில் புரியவில்லை.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. மரபணுச் சோதனை வரைக்கும் போனது. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் அந்த ஊர் தலித்துகள் மூன்று பேரையே குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். ஊர்சனம் ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். அந்த மூவரைப் பற்றிக் கோர்ட் சொல்லட்டும். நான் கேட்பது, புகார் கொடுத்த தெரு மேலேயே சந்தேகம் இவ்வளவு சுலபமாகத் திரும்பி வந்து விழுகிறதே, எதிர்த் தெருவுக்கு அது எத்தனை முறை போயிருக்கிறது என்பதுதான்.

இதனால் துப்பறிகிறவரே வேண்டாம் என்று சொல்ல முடியாது. போலீஸ் என்றாலே ஒதுக்கு என்கிற தோழருக்கு நான் சொல்வது இதுதான். புருசனை வெட்டக் கொடுத்த பெண்ணுக்குச் சித்தாந்தம் மட்டும் போதாது. வெட்டினவன் யார் என்று சாட்சியத்தோடு நிற்கணும். வன்கொடுமைச் சட்டம் இருந்தும் வழக்கு தோற்கிறது என்றால் ஆரம்பத்திலேயே ஒழுங்காகத் துப்பறியாததும் அதற்கு ஒரு காரணம். நமக்கு வேண்டியது லத்தி அல்ல, தடயம்.

தடயத்தை நம்ம சனங்களே சுமந்த கதையும் இருக்கிறது. 1992 ஜூன் 20ந் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்தி மலைவாசிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறை செய்தார்கள். வேட்டைக்கு வந்தவன்தான் அங்கே குற்றவாளி. அந்தப் பெண்கள் சீருடைக்காரர்களின் முகத்துக்கு நேரே நின்று அடையாளம் காட்டினார்கள். 2011ல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023ல் ஐகோர்ட் அதை உறுதி செய்தது. எந்தத் துப்பறியும் நாயகனும் இந்தப் பெண்களுக்கு ஈடாக மாட்டான்.

ஆகவே தோழரே, படம் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். விசாரணைக்கு வருகிறவர்களில் யாருக்கு நாற்காலி போடுகிறார்கள், யாரைத் தரையில் குந்தவைக்கிறார்கள், யாரை 'சார்' என்கிறார்கள், யாருக்குக் கேள்விக்கு முன்னாலேயே அறை விழுகிறது என்று பாருங்கள். எல்லாரையும் சந்தேகப்படு, எல்லாருக்கும் நாற்காலி போடு, சாட்சியம் இல்லாமல் எவன் மேலும் கை வைக்காதே. இரண்டரை மணி நேரம் திரையில் கிடைக்கிற இந்த நியாயத்தைத்தான் நாம் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கேட்கிறோம்.